பேட்டரி எபினேசர்

முதலில் கறுப்பு வயர், பிறகுதான் சிவப்பு. இந்த வரிசையை எபினேசர் ஒரு நாளும் மாற்றியதில்லை. ஸ்பானரைப் பல்லில் கடித்துக்கொண்டு, வேனின் பேட்டரியை இரண்டு கையாலும் அசைத்து எடுத்து, சும்மாடாகச் சுருட்டிய துண்டின்மேல் இடது தோளில் ஏற்றிக்கொள்வார். கதவைச் சாத்திவிட்டு, சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று முட்டியால் ஓர் இடி இடித்துப் பார்ப்பார். பிறகு காலனித் தெருவில் நடை ஆரம்பிக்கும். வலது பக்கம் சாய்ந்த நடை.

எளாவூர்க் காலனியில் சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து காற்று வாங்குகிறவர்களுக்கு இது தினசரிக் காட்சி. "இன்னா எபி, பாப்பா தூங்கிடுச்சா?" என்று டீக்கடையிலிருந்து யாராவது கேட்பார்கள். "பால் குட்க்க இட்டுக்கினு போறேன்" என்று இவரும் நிற்காமலே பதில் சொல்வார். தெருவில் இன்னும் இரண்டு எபினேசர்கள் இருந்ததால், கேபிள்காரர் முதல் சர்ச்சில் மணியடிக்கும் கோயில் குட்டியார் வரை எல்லோருக்கும் இவர் பேட்டரி எபினேசர். அந்தப் பெயரில் அவருக்கு வருத்தமில்லை. மற்ற இரண்டு பேருக்கும் வாய்த்த பட்டப்பெயர்கள் அதைவிட மோசம்.

வீட்டில் பேட்டரிக்குத் தனி இடம் உண்டு. கேஸ் சிலிண்டருக்கு எதிர் மூலை. சிமெண்டுத் தரையில் வைத்தால் தரை சார்ஜை உறிஞ்சிவிடும் என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. அதெல்லாம் அந்தக் காலத்துப் பேட்டரிக்கு என்று எத்தனை பேர் சொன்னாலும் காதில் வாங்க மாட்டார். அதனால் மனைவி பிரேமா தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த பலாக்கட்டை மணையில்தான் அது உட்காரும். "முட்டி வலிக்குது, குந்திக்க ஒரு நாற்காலி வாங்கிக் குடுன்னு கேட்டேன். நாற்காலியும் வர்ல, இருந்த மணையும் போச்சு" என்று பிரேமா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். சொல்லிக்கொண்டே சார்ஜரின் வயரை மணைக்கு இந்தப் பக்கம் எடுத்து ஒழுங்காகப் போட்டு வைப்பதும் அவர்தான். இரவு முழுவதும் அந்தச் சார்ஜர் ம்ம்ம் என்று முனகும். கரண்ட் போய் முனகல் நின்றால் புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் விழிப்பு வந்துவிடும்.

இப்படித் தூக்கிச் சுமப்பதற்குக் காரணம் வேன். பேட்டரியை அதிலேயே விட்டுவிட்டால் காலையில் சாவியைத் திருப்பும்போது டிக் என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். ராத்திரியில் சார்ஜ் எங்கே போகிறது என்று தெரியவில்லை. வேனுக்கு வயது இருபதுக்குப் பக்கம். பொன்னேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்த வண்டி. எபினேசர் வாங்கி வெள்ளையடித்தார். கதவோரங்களில் பழைய மஞ்சள் இன்னும் எட்டிப்பார்க்கிறது. ஒரு சீட்டின் முதுகில் எந்தப் பிள்ளையோ காம்பஸால் கீறிவைத்த பூனைப் படம் இருக்கிறது. சீட்டுக்கு உறை மாற்றியபோது அதை மட்டும் மூடாமல் விடச் சொல்லிவிட்டார்.

வண்டியில் அவர் பெருமைப்படும் உறுப்பு டிரைவர் பக்கத்துக் கண்ணாடி. ஏதோ லாரியிலிருந்து கழன்று வந்த பெரிய கண்ணாடி அது. சந்தில் எதிரே வண்டி வந்தால் மற்ற டிரைவர்கள் கண்ணாடியை மடக்கிக்கொண்டு நுழைந்துவிடுவார்கள். எபினேசர் ரிவர்ஸ் எடுத்து ஒதுங்குவாரே தவிர மடக்க மாட்டார். "பொம்பளப் புள்ளைங்க ஏற்ற வண்டி இது. கண்ணாடிய மடக்கினா டிரைவரு குருடன்" என்பார். கடைசிப் பெண்ணின் கடைசிக் கால் படியில் ஏறிவிட்டதைக் கண்ணாடியில் பார்த்த பிறகுதான் அவருக்குக் கியர் விழும்.

ஏறுகிறவர்கள் சுண்ணாம்புக்குளத்துக்குக் கிழக்கே, ஏரிப் பக்கத்துக் குப்பங்களிலிருந்தும் காலனிகளிலிருந்தும் வருகிற பெண்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், காருக்குள்ளே ஓடுகிற வயர்களைக் கட்டுக்கட்டாகக் கோத்து அனுப்புகிற கம்பெனி ஒன்றில் வேலை. நாள் முழுக்க நின்றபடி சிவப்பு, பச்சை, கறுப்பு, வெள்ளைக் கோடு போட்ட சிவப்பு என்று பிரித்துச் செருகிக்கொண்டே இருக்க வேண்டும். சாயங்காலம் திரும்பும்போது அவர்கள் தலையில் வைத்த பூவின் நிறம்கூட அவர்களுக்கே அலுத்துப்போயிருக்கும். எல்லோரும் கான்ட்ராக்ட் ஆட்கள். ஆறு மணி ஷிப்ட்டுக்கு வேன் தாமதித்தால் கேட்டில் அரை நாள் வெட்டு. மூன்று முறை தாமதித்தால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். அந்தக் குப்பங்கள் வரைக்கும் வேறு எந்த வேனும் வராது. ரோடு அப்படி. ஆகையால் எபினேசரின் பேட்டரி படுத்துக்கொண்டால் ஒரு வண்டிப் பெண்களின் பிழைப்பே படுத்துக்கொள்ளும். சார்ஜ் ஏறாத பேட்டரியைப் பார்த்து ஒரு மனிதர் கண்கலங்குவார் என்று சொன்னால் சிரிப்பு வரலாம். எபினேசர் கலங்கியிருக்கிறார்.

நோயைக் கண்டுபிடிக்க அவர் செய்யாதது இல்லை. எளாவூர் செக்போஸ்ட் அருகே லாரிகளுக்கு வயரிங் பார்க்கும் கோபாலிடம் போனார். கோபாலின் முறை எளிமையானது. பேட்டரியின் கறுப்பு வயரைக் கழற்றி, வயருக்கும் பேட்டரிக்கும் நடுவில் ஒரு சின்ன பல்பை வைப்பார். வண்டியில் எல்லாம் அணைந்திருக்கும்போது அந்தப் பல்பு எரியக் கூடாது. எரிந்தால், உள்ளே ஏதோ ஒன்று சத்தம் போடாமல் மின்சாரம் எடுத்துக்கொண்டிருக்கிறது. பல்பு எரிந்தது. "எவனோ குட்ச்சிக்கினு கீறான் அண்ணே" என்றார் கோபால். பிறகு ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். எந்த ஃப்யூஸைப் பிடுங்கும்போது பல்பு அணைகிறதோ அந்த வழியில்தான் குடிகாரன் இருக்கிறான். ஹார்ன் போயிற்று, உள்விளக்கு போயிற்று, வைப்பர் போயிற்று, பாட்டுப்பெட்டி போயிற்று. எல்லா ஃப்யூஸும் பிடுங்கி பானெட்டின்மேல் வரிசையாகக் கிடந்தன. பல்பு அப்போதும் எரிந்தது.

ஆல்டர்னேட்டரை மாற்றிப் பார்த்தார்கள். ஸ்டார்ட்டரைப் பிரித்துப் பார்த்தார்கள். பல்பு எரிந்துகொண்டே இருந்தது. கடைசியில் கோபால் கையைத் துடைத்துக்கொண்டு, இத்தனை வருஷத்தில் இத்தனை பேர் வெட்டி ஒட்டிய வண்டியில் வயர் என்று ஒன்று தனியாக இல்லை, எல்லாம் குருவிக்கூடு என்று சொல்லிவிட்டார். அந்தச் சின்ன பல்பை மட்டும் எபினேசர் கேட்டு வாங்கிக்கொண்டார். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் அது இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வேன் அடியில் படுத்து, பல்பை வைத்துக்கொண்டு ஏதாவது ஒரு வயரை அசைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருமுறை பாஸ்டரையே கூட்டிவந்து பானெட்டில் கை வைத்து ஜெபிக்கச் சொன்னார். பாஸ்டரும் உருக்கமாகத்தான் ஜெபித்தார். மறுநாள் காலை டிக். அதற்காக அவர் விசுவாசத்தை விடவில்லை. பேட்டரியைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

தினம் கழற்று, தூக்கு, சார்ஜ் போடு, மறுபடி மாட்டு. இடுப்பு போனாலும் வண்டி தாமதமில்லாமல் ஓடிற்று. இது, சேகர் சார் வரும் வரைக்கும்.

சேகர் சார் கம்பெனியின் புதிய டிரான்ஸ்போர்ட் அதிகாரி. கெட்டவர் இல்லை. டீ வந்தால் டிரைவர்களுக்கும் ஒரு கப் ஊற்றச் சொல்கிறவர். அவர் மேஜையில் ஒரு கம்ப்யூட்டர் திரை. எந்த வேன் எங்கே நிற்கிறது, எங்கே ஓடுகிறது என்று அதில் தெரியும். ஒவ்வொரு வேனிலும் டேஷ்போர்டுக்கு அடியில் சோப்புப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டியைக் கம்பெனி முன்பே வைத்திருந்தது. பச்சை விளக்கு மினுக் மினுக் என்று எரியும். அதன் சொருகியைச் சுற்றிக் கம்பெனி முத்திரைத்தாள் ஒட்டியிருக்கும். முன்பிருந்த அதிகாரி அந்தத் திரையில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தவர். சேகர் சார் வேனைப் பார்த்தார். எபினேசரின் வேன் தினம் சாயங்காலம் காணாமல் போய், விடியற்காலையில் முளைத்தது.

பேட்டரியைக் கழற்றினால் பெட்டி செத்துவிடுகிறது என்பது அப்போதுதான் எபினேசருக்கே தெரியும். பெண்கள் போகிற வண்டி, இருபத்துநாலு மணி நேரமும் திரையில் தெரிய வேண்டும், அது ரூல் என்றார் சேகர் சார். இனிமேல் பேட்டரியைக் கழற்றக் கூடாது. இன்னொரு முறை வண்டி காணாமல் போனால் வேறு வேன் பார்த்துக்கொள்வோம் என்றும் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு கப் டீ குடித்துவிட்டுத்தான் போகச் சொன்னார்.

அன்று சாயங்காலம் எபினேசர் வெறுந்தோளோடு தெருவில் நடந்து வந்தார். பாப்பா எங்கே என்று டீக்கடையில் கேட்டார்கள். வீட்டில் மணை காலியாக இருந்தது. பிரேமாவும் அதில் உட்காரவில்லை.

கழற்றவும் கூடாது, விட்டுவைக்கவும் முடியாது. பிறகு அவர் கண்டுபிடித்த வழி சரிவு. அவருடைய பாதையில் மேடு என்று இருப்பது கால்வாய்ப் பாலம் ஒன்றுதான். ராத்திரி வேனைப் பாலத்தின் உச்சியில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டு, சைக்கிளில் வீட்டுக்கு வருவார். விடியும் முன் சைக்கிளில் போய், கல்லை எடுத்து வண்டியை உருட்டிவிடுவார். உருளும் வேகத்தில் எஞ்சின் பிடித்துக்கொண்டால் கர்த்தருக்கு ஸ்தோத்திரம். பிடிக்காவிட்டால் பாலத்தடியில், முதல் ஸ்டாப்பில் நிற்கும் நான்கு பெண்களும் தள்ள வேண்டும்.

அந்த நான்கு பேருக்குத் தலைவி ஏஞ்சல். வாய் ஓயாது. "கம்பெனில வயர் கட்றோம், வழில வண்டி தள்றோம். ரெண்டு சம்பளம் வாங்கிக் குடு நைனா" என்பாள். வேனில் இளம்பெண்கள் எல்லோரும் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் தள்ளும்போது குரல் கொடுக்கிறவள் தேவதர்ஷினி. ஒல்லியாக, அதிகம் பேசாத பெண். ஏரியில் இறங்கிக் கையால் தடவித் தடவி இறால் பிடிக்கிற முத்தம்மாவின் மூத்த மகள். அந்தக் குடும்பத்தில் காலில் ஷூ போட்டுக்கொண்டு வேலைக்குப் போன முதல் ஆள். தம்பிகள் இரண்டு பேரும் அவள் சம்பளத்தில்தான் படித்தார்கள். வண்டி போதுமான வேகம் எடுத்துவிட்டதா என்று அவளுக்கு உள்ளங்கையிலேயே தெரிந்துவிடும். சரியான நொடியில் பின்னாலிருந்து "க்ளச்ச உடு நைனா" என்று ஒரு குரல் வரும். எபினேசர் விடுவார். எஞ்சின் பிடித்துக்கொள்ளும். தள்ளி ஸ்டார்ட் ஆன வண்டியை நிறுத்தக் கூடாது, நின்றால் அணைந்தாலும் அணைந்துவிடும் என்பதால் அவர் மெதுவாக உருட்டிக்கொண்டே போக, பெண்கள் ஓடிவந்து ஏறிக்கொள்வார்கள். அவள் குரல் ஒரு நாளும் தப்பியதில்லை.

தேவதர்ஷினிக்கு முன்சீட்டுத்தான் பிடிக்கும். மார்கழியில் ஒரு காலை, ஏறி உட்கார்ந்தவள் முட்டியைத் தடவிக்கொண்டாள். பிறகு குனிந்து டேஷ்போர்டுக்கு அடியில் கையை வைத்துப் பார்த்தாள். "நைனா, வண்டியே ஜில்லுனு கீது. இது மட்டும் இன்னாத்துக்கு சுடுது?" என்றாள். அவள் கை அந்தக் கறுப்புப் பெட்டியின்மேல் இருந்தது. ராத்திரி முழுக்கப் பனியில் நின்ற வண்டி, எஞ்சின் அப்போதுதான் உயிர் பெற்றிருந்தது. பெட்டி மட்டும் இறக்கிவைத்த இட்லிச் சட்டியாக இருந்தது.

எபினேசர் அன்று முழுவதும் யாரோடும் பேசவில்லை. சந்தோஷம் வந்தால் அவருக்கு வாய் அடைத்துப்போகும்.

ஞாயிற்றுக்கிழமை பாலத்தடிக்கு அவளை வரச் சொன்னார். பெட்டியிலிருந்து போகிற வயரை அவள் விரலாலேயே பிடித்துக்கொண்டு போனாள். அது ஃப்யூஸ் பெட்டிப் பக்கமே போகவில்லை. வண்டித் தரைக்கு அடியில் புகுந்து, நேராக ஸ்டார்ட்டருக்குப் போகிற தடித்த வயரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கோபால் எத்தனை ஃப்யூஸ் பிடுங்கியிருந்தாலும் பல்பு அணைந்திருக்காது. எபினேசர் கறுப்பு வயரைக் கழற்றி, சட்டைப் பையிலிருந்த பல்பை நடுவில் வைத்தார். எரிந்தது. இப்போது பெட்டியின் சொருகியைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். அவள் கையை எடுத்துக்கொண்டாள். "சீல் ஒட்டிக்கீறாங்க நைனா" என்றாள்.

"பிரிச்சிப் பாரும்மா. நான் பாத்துக்கறேன்" என்றார் எபினேசர்.

அவள் நகத்தால் தாளைக் கீறிச் சொருகியை இழுத்தாள். பல்பு அணைந்தது. செருகினாள். எரிந்தது. மறுபடி இழுத்தாள். அணைந்தது. எபினேசர் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். இத்தனை மாதம் அவர் தோளைக் கடித்துத் தின்ற பேய் பச்சைக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு முழங்காலுக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தது. அவள் சொருகியைத் திரும்பச் செருகி, கிழிந்த தாளை நீவி ஒட்டவைத்தாள். அது ஒட்டவில்லை. அதைப் பற்றி இருவரும் அதிகம் யோசிக்கவில்லை.

இனி வருவதை எழுத எனக்கே கை ஓடவில்லை. திங்கட்கிழமை எபினேசர் நல்ல சட்டை போட்டுக்கொண்டு சேகர் சார் முன்னால் போய் நின்றார். நோயைக் கண்டுபிடித்துச் சொன்னால் வைத்தியருக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைக்கிற ஜாதி அவர். பெட்டிக்கு உள்ளே கோளாறு, அதுதான் ராத்திரியெல்லாம் குடிக்கிறது, வேறு பெட்டி மாற்றிக் கொடுத்தால் போதும் என்று சொன்னார். எப்படித் தெரிந்தது என்று சேகர் சார் கேட்டார். அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். நானே பார்த்தேன் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அடுத்தவர் செய்த வேலைக்குத் தன் பேரைப் போட்டுக்கொள்வது அவருக்குத் தெரியாது. அதுவும் இது பெருமை. "நம்ம கம்பெனிப் பொண்ணுதான் சார் கண்டுபுட்ச்சிச்சு. தேவதர்ஷினின்னு பேரு. ரெண்டாவது லைனு. கையி வச்சா வயரு பேசும் சார் அதுக்கு" என்றார்.

சேகர் சார் தலையாட்டினார். பெட்டி தலைமை ஆபீஸ் விவகாரம், எழுதிப் போடுகிறேன் என்றார். டீ வந்தது. எபினேசர் இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார்.

அந்த வாரத்திலேயே கேட்டில் தேவதர்ஷினியை நிறுத்திவிட்டார்கள். கம்பெனிக் கருவியின் முத்திரையை உடைத்தது யார் என்ற விசாரணை சேகர் சாரோடு நிற்கவில்லை. மேலே போய், கான்ட்ராக்டரிடம் இறங்கி வந்தபோது தீர்ப்பாகத்தான் வந்தது. கம்பெனி கொடுத்த நீல நிறக் கோட்டு, அடையாள அட்டை இரண்டையும் வாங்கிக்கொண்டார்கள். ஷூவை மட்டும் யாரும் கேட்கவில்லை. எபினேசர் சேகர் சாரிடம் ஓடினார். உடைக்கச் சொன்னது நான்தான் சார், என்னை நிறுத்துங்கள் என்றார். சேகர் சாருக்கும் முகம் நன்றாக இல்லை. உன்னை நிறுத்தினால் மற்ற பெண்கள் எப்படி வருவார்கள் எபினேசர் என்று மட்டும் கேட்டார். விட்டுவிட்டுப் போனால் ஒரு வண்டிப் பெண்கள் தெருவில் நிற்பார்கள். போகாவிட்டால் அதே பெட்டியை முழங்காலுக்கு முன்னால் வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டும். கிழிந்த தாள் இருந்த இடத்தில் புது முத்திரை ஒட்டிவிட்டுப் போனார்கள். புதுப் பெட்டி வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரேமாவையும் அழைத்துக்கொண்டு முத்தம்மா வீட்டுக்குப் போனார். பையில் ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனார்கள், நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் மாதிரி. முத்தம்மா அப்போதுதான் ஏரியிலிருந்து வந்திருந்தார். இடுப்பு வரை ஈரம், விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்துப்போயிருந்தது. டீ போட்டுக் கொடுத்தார். தேவதர்ஷினி இப்போது இறால் உரிக்கிற ஷெட்டுக்குப் போகிறாள், ஐஸிலேயே கை கிடப்பதால் ராத்திரியில் விரல் மடங்கவில்லை என்று சொன்னார். பெரியவன் படிப்பை விட்டுவிட்டுப் படகுக்குப் போகிறேன் என்கிறான் என்றும் சொன்னார். புகாராக அல்ல, ஊர்ச் செய்தி போலச் சொன்னார். எபினேசர் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மாளே முந்திக்கொண்டார்.

"ஒம்மேல கோவம் ஒண்ணியும் இல்லபா. நீ அத்த நல்லதாத்தானே சொன்ன."

திட்டியிருந்தால் குடித்திருப்பார். அந்த டீயை அவரால் குடிக்க முடியவில்லை. தேவதர்ஷினி வீட்டில்தான் இருந்தாள். உள்ளே இருந்தாள். வெளியே வரவில்லை. அதற்காக அவளைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது.

இப்போதெல்லாம் எபினேசரின் சட்டைப் பையில் பல்பு இல்லை. டீக்கடையில் பழைய பேச்சை யாராவது எடுத்து, கோளாறு எங்கேதான் இருந்தது என்று கேட்டால் மட்டும் ஒரே ஒரு பதில் வைத்திருக்கிறார். "எங்க கீதுன்னு தெரியாதப்போ நல்லா தூங்கிக்கினு இருந்தேன்பா." பிரேமா ஒருநாள் மணையைக் கழுவிக் கொண்டுவந்து அவருக்குச் சாப்பிடப் போட்டார். அவர் அதைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

தினமும் விடியலில் பாலத்தின் உச்சிக்குப் போகிறார், கல்லை எடுக்கிறார், உருட்டுகிறார். பாலத்தடியில் இப்போது மூன்று பெண்கள். எதிர்ப்பக்கத்தில், ஷெட்டுக்குப் போகிற ஷேர் ஆட்டோவுக்காக, கம்பெனி ஷூவைப் போட்டுக்கொண்டு தேவதர்ஷினி நிற்பாள். வேன் உருண்டு வரும் சத்தம் கேட்டதும் கால்வாய்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். கோபத்தால் அல்ல. நைனாவுக்குக் கஷ்டமாக இருக்கக் கூடாது என்றுதான் அப்படி நிற்கிறாள் என்று ஏஞ்சல் ஒருநாள் சொல்லிவிட்டாள். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

போன வாரம் ஒரு காலை, வேன் சரிவில் உருண்டு வந்தது. எஞ்சின் இரண்டு முறை இருமியது, பிடிக்கவில்லை. பாலத்தடியில் வந்து நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினார். டிக். மூன்று பெண்களும் பின்னால் போய்த் தள்ளினார்கள். மழை பெய்த ரோடு, செருப்பு வழுக்கியது. ஏஞ்சலின் வாய் முதல் முறையாக ஓய்ந்திருந்தது. வண்டி ஓர் அடி நகரும், நிற்கும். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. இந்த மாதத்தில் ஏற்கெனவே இரண்டு தாமதம். எபினேசர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

அப்போது வண்டி அசைந்தது. பின்னாலிருந்து இன்னொரு தோள் சேர்ந்துகொண்டது அவர் உட்கார்ந்திருந்த சீட்டிலேயே தெரிந்தது. சக்கரம் உருள ஆரம்பித்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியையும் பார்க்கவில்லை. காலைக் க்ளச்சில் அழுத்திப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தார். வண்டி வேகமெடுத்தது. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

"க்ளச்ச உடு நைனா."

விட்டார். எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஏஞ்சல் ஓடிவந்து ஏறினாள், அடுத்தவள் ஏறினாள், மூன்றாமவளும் ஏறினாள். வழக்கம்போல அவர் கண் தானாகக் கண்ணாடிக்குப் போயிற்று, கடைசிப் பெண்ணும் ஏறிவிட்டாளா என்று பார்க்க. நடுரோட்டில் தேவதர்ஷினி நின்றிருந்தாள். மூச்சு வாங்கியது. கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, போ போ என்று எப்போதும் காட்டுகிற மாதிரி கையைக் காட்டினாள். நிறுத்த முடியாது. நிறுத்தினால் வண்டி அணைந்துவிடும்.

எபினேசர் ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டி, துருப்பிடித்து இறுகியிருந்த அந்தக் கண்ணாடியைப் பலம் கொண்ட மட்டும் இழுத்து மடக்கினார்.